சபேட்டோ அங்கம்மாவின் நெற்றி

1

தினம் பத்துப் பேரிடமாவது "கோபமா ஒரு தடவை பாருங்க" என்று கேட்பது என் பிழைப்பு. அவர்கள் புருவத்தை நெரித்துப் பார்ப்பார்கள். தோல் மடிகிற இடத்தில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைப்பேன். ஐஸ் ஒற்றி, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டு மருந்தைச் செலுத்துவேன். மூன்று நான்கு நாளில் அந்தத் தசை அசையாமல் போகும். இரண்டு வாரத்தில் நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிடும். மூன்று நான்கு மாதம் கழித்து மருந்தின் வேகம் தீர்ந்து கோடுகள் திரும்பி வரும், ஆட்களும் திரும்பி வருவார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம்.

தென்காசியில் இருக்கும் என் அண்ணியிடம் இதைப் போனில் விளக்கினேன். "மூஞ்சி மரத்துப்போறதுக்கா காசு குடுக்காங்க? உங்க அண்ணனுக்கு அது இனாமாவே வாய்ச்சிருக்கே" என்றாள். அந்தச் சிரிப்பை நேரில் கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். போனில் வரும் சிரிப்பு பாதிதான் வந்து சேருகிறது.

இந்த நவம்பரோடு நாங்கள் பிஜிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் நாடி என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்று வருட ஒப்பந்தம் என்று சொல்லித்தான் என்னை விமானம் ஏற்றினார். கணக்கு வாத்தியார் போட்ட அந்த ஒரு கணக்கு மட்டும் தப்பிவிட்டது. நான் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆறு வருடமாக நமாகாவில் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வேலை. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஓட்டலில் தங்கும் வெள்ளைக்காரிகளும், கல்யாணத்துக்கு என்று சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் இறங்கும் பிஜி இந்தியப் பெண்களும் வருவார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது, போன அன்றைக்கு இருந்த முகத்தோடு இறங்க ஆசைப்படுகிறார்கள். டாக்டரம்மா பார்த்து எழுதிக் கொடுப்பார், ஊசி போடுவது நான்.

போகாமல் இங்கேயே இருந்துவிட்டவள் ஒருத்தியும் அதையே கேட்டு வந்தாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அங்கம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பக்கத்துக் கிராமமான சபேட்டோவில் கரும்புத் தோட்டம். கொள்ளுத் தாத்தா காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கரும்பு வெட்டக் கப்பலேற்றி அழைத்து வந்த குடும்பம். அவள் வயசுக்காரர்களிலேயே தமிழ் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு வீட்டிலும் வெளியிலும் பிஜி ஹிந்திதான், தமிழ் கோயிலோடு சரி.

நாங்கள் வந்து இறங்கிய முதல் வாரம், நமாகா சந்தையில் எந்தக் காய்க்கு என்ன பெயர் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். கத்தரிக்காய் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி என் தாலிக்கொடியைப் பார்த்துவிட்டு, "இன்னா வோணும் தங்கச்சி?" என்றாள். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிக் கையில் கொடுத்தாள்.

இரண்டாயிரத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது என் மகள் மலர் கைக்குழந்தை. தலைநகர் சுவாவில் கடைகளை எரிக்கிறார்கள், நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் கதவைத் தட்டினால் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாள் அப்படி ஒரு தட்டல். திறந்தால் அங்கம்மா, தலையில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கோடு. "கட எல்லாம் மூடிப்பூடும். பச்சக்கொயந்தய வெச்சிக்கினு இன்னா செய்வ?" என்று திட்டிக்கொண்டே இறக்கி வைத்தாள்.

அந்த வருடம் போனவன்தான் அவளுடைய ஒரே மகன் சுரேஷ். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்தான். சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியோடு சிட்னிக்குப் போனான். தான் ஏற்றி இறக்கிய அதே பெல்ட்டில் தன் பெட்டியை வைத்துவிட்டுப் போனான் என்று அங்கம்மா சொல்வாள். அதற்குப் பிறகு இரண்டே தடவைதான் வந்தான், அதில் ஒன்று அப்பாவின் சாவுக்கு.

அப்போது எங்கள் தெருவே காலியானது. தினம் ஒரு வீட்டில் பாத்திரம் விற்றார்கள். நாங்களும் போயிருக்கலாம். தென்காசிக்கே திரும்பியிருக்கலாம். "இந்த வருசம் பரீட்சை முடியட்டும்" என்றார் இவர். அப்படிச் சொல்லிச் சொல்லியே மலருக்குப் பதினேழு வயதாகி, அவளும் இந்தப் பிப்ரவரியில் பிரிஸ்பேனுக்குப் படிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். நான் தமிழில் கேட்கிறேன், அவள் பாதி இங்கிலீஷிலும் பாதி பிஜி ஹிந்தியிலும் பதில் சொல்கிறாள். "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு மட்டும் தமிழில் "ம்" வருகிறது.

3

ஜூன் மாதம் ஒரு காலையில் அங்கம்மா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். கோயிலுக்குக் கட்டும் சேலை, தலையில் பூ. உட்கார்ந்ததும் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். மூன்று கோடுகள் ஆழமாக, புருவங்களுக்கு நடுவில் இன்னும் இரண்டு.

"இத்த எடுத்துடு தங்கச்சி."

எதற்கு என்று கேட்டேன். சுரேஷ் ஜூலையில் வருகிறான். இந்தத் தடவை அவளைக் கையோடு அழைத்துப் போகும் விசா பாரங்களோடு வருகிறான்.

"டெலிபோன்ல மூஞ்சி தெரியுதில்ல? அத்தப் பாக்கறப்பல்லாம் அவனுக்கு ஒரே ரோதன. 'மா, நீ ரொம்பக் கெழவியாப்பூட்ட, ஒத்தையா கஷ்டப்படற, கெளம்பு'ன்றான். எனுக்கு இன்னா கஷ்டம்? கரும்பு இருக்குது, மாரியாத்தா இருக்குது. இந்தக் கோடுதான் அவன்கிட்ட காட்டிக்குடுக்குது. மூஞ்சி நல்லா இருந்தா உட்டுட்டுப் போவான்."

"அவன்கிட்ட வரமாட்டேன்னு வாயத் திறந்து சொல்லுங்களேன் அக்கா."

"சொன்னா அயுவான். அவன் அயுதா நான் போயிடுவன்."

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, போடலாம் என்று எழுதினார். இரண்டு பக்க இங்கிலீஷ் படிவத்தை நான் வரிவரியாகத் தமிழில் கேட்டேன். தசை நோய் உண்டா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் அவளே ஒன்று கேட்டாள்.

"தீமிதிக்கு ஒண்ணும் ஆவாதே?"

அந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவானுக்குத் தீமிதி தெரியாது. சபேட்டோ மாரியம்மன் கோயிலில் முப்பது வருடமாக அவள் மஞ்சள் உடுத்தி, கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு குழி இறங்குகிறவள். நானும் அவளும் நாள் எண்ணினோம். ஊசி போட்டு இரண்டு நாளைக்குச் சூடு ஆகாது, நெற்றியை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தீமிதிக்கோ இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அலகும் கன்னத்தில்தான், நெற்றியில் இல்லை. ஒரு ஆபத்தும் இல்லை என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

"கோபமா ஒரு தடவ பாருங்க அக்கா" என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. "சுரேஷு பாரத்த எடுத்து நீட்டறான்னு நெனச்சுக்கோங்க" என்றேன். உடனே ஐந்து கோடும் எழுந்து நின்றன. புள்ளி வைத்தேன்.

4

ஜூலையில் சுரேஷ் வந்தான். நாற்பத்தைந்து வயசு, முன்மண்டை வழுக்கை. விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றான். "மா, நீ எனக்கு அக்கா மாதிரி இருக்க" என்றான். அவன் பேசுவது பிஜி ஹிந்தி, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அங்கம்மா என் கையைக் கிள்ளினாள். எங்கள் திட்டம் பலிக்கிறது என்று நானும் நினைத்தேன். அவன் இருந்த முதல் ஒரு வாரம் பாரங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

தீமிதி ஞாயிற்றுக்கிழமை. பத்து நாள் விரதம் இருந்தவர்கள் இருபது பேர் சபேட்டோ ஆற்றில் குளித்து, மஞ்சள் துணியோடு வரிசையாக நின்றார்கள். பக்கத்துப் பிஜிய கிராமத்து ஆட்களும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடுக்கை அடிக்கத் தொடங்கியது. இங்கே வழக்கம் ஒன்று உண்டு. அருள் வந்தால்தான் அலகு. அலகு குத்தினால்தான் குழி. பூசாரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்ப்பார். அம்மன் இறங்கும்போது முதலில் தெரிவது நெற்றியில்தான். புருவம் நெரியும், நடுவில் முடிச்சு விழும், பிறகுதான் உடம்பு ஆடும். அங்கம்மாவுக்கு வருடா வருடம் முதல் உடுக்கையிலேயே அது வந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன்.

பூசாரி அவள் முன்னால் வந்து நின்றார். அவள் கண் மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. நெற்றி மட்டும் வழவழவென்று, மத்தியான வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

சூட்டை எண்ணினோம், அலகை எண்ணினோம், இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பூசாரி உடுக்கையை ஓங்கி அடிக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். வேப்பிலையால் தலையில் தட்டிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆத்தா இன்னும் எறங்கல தாயீ. ஓரமா நில்லு."

"வந்துட்டா பூசாரி. உள்ள நிக்கறா" என்றாள் அங்கம்மா.

"மூஞ்சில காணமே அம்மா. இந்த மூஞ்சிய நம்பி நான் அலகு குத்தமாட்டன். நெருப்பாச்சே."

அவரைக் குறை சொல்ல முடியாது. அருள் வராதவளைக் குழியில் இறக்கிக் கால் வெந்துபோனால் அந்தப் பழி அவரைத்தான் சேரும். அடுத்தவரிடம் போய்விட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அங்கம்மா மஞ்சள் துணியோடு கயிற்றுக்கு வெளியே நின்றாள். அழவில்லை. வேப்பிலைக் கொத்தைக் கீழே வைக்கவும் இல்லை. மற்றவர்கள் குழியைத் தாண்டி முடியும் வரைக்கும் நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

5

மறுநாள் சுரேஷ் பாரங்களை எடுத்துவிட்டான்.

"கோயிலுக்காகத்தான் நீ இங்க இருக்கன்னு நெனச்சேன் மா. நேத்து பூசாரி தள்ளி நிக்கச் சொன்னப்போ உன் முகத்தப் பார்த்தேன். ஒரு வருத்தம்கூட இல்ல. உனக்கே பற்று விட்டுப்போச்சு. இனிமே இங்க என்ன இருக்கு?"

அன்றைக்கே லௌடோகாவுக்கு அழைத்துப் போய் விசாவுக்குப் போட்டோ எடுத்தான். சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, உணர்ச்சி எதுவும் தெரியக் கூடாது என்பது சட்டம். எல்லோரையும் நாலு தடவை எடுக்கிற ஸ்டுடியோக்காரன் அங்கம்மாவை ஒரே தடவையில் எடுத்துவிட்டு, இந்த மாதிரி ஒரு முகம் அமையாது என்று பாராட்டினானாம். அன்று சாயங்காலமே அவள் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"நீ போட்ட ஊசிதானே? நீயே சொல்லு, இன்னா செய்யறது?"

மருந்தை எடுக்க முடியாது, தானாகத் தீர வேண்டும் என்றேன். அவனிடம் நான் சொல்லவும் முடியாது. நோயாளியின் விஷயத்தை நர்ஸ் வெளியே பேசக் கூடாது. "நீங்கதான் சொல்லணும் அக்கா. நான் கூட வாரேன்" என்றேன்.

சபேட்டோவுக்குப் பஸ்ஸில் போனோம். வெட்டுக் காலம், வழியெல்லாம் கரும்புத் தோகை எரிந்த கரி பறந்து ஜன்னலில் ஒட்டியது. எனக்குத் தென்காசி ரயிலடியும் என் அப்பாவும் ஞாபகம் வந்தது. நாங்கள் புறப்பட்ட அன்றைக்கு அப்பா போகாதே என்று சொல்லவே இல்லை. டிக்கெட்டைச் சரிபார்த்தார், தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தார். ஆனால் அவர் நெற்றி முழுக்கச் சுருங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இறந்துபோனபோது எனக்கு விமான டிக்கெட் கிடைத்தது ஐந்தாம் நாள்தான். அந்த நெற்றியை ஒரு தடவை தொட்டிருக்கலாம்.

வீட்டில் சுரேஷ் மேசையில் பாரங்களைப் பரப்பி வைத்திருந்தான். அங்கம்மா அவன் எதிரில் உட்கார்ந்து, தன் நெற்றியில் விரலால் குத்திக் காட்டினாள்.

"ஊசி போட்டுக்கினன்டா. நர்சம்மாதான் போட்டா. இது அசையாது."

அவன் முதலில் சிரித்துவிட்டான். சிட்னியில் தன் முதலாளியம்மா போட்டுக்கொள்வதாகச் சொன்னான். "உனக்கு எதுக்கு மா போட்டாக்ஸ்?"

"நீ என்னைப் பாத்து பாவப்படக் கூடாதுன்னு. பாவப்பட்டா இட்டுக்கினு பூடுவ."

அவன் சிரிப்பு நின்றது. அவள் தொடர்ந்து சொன்னாள். "நேத்து ஆத்தா வந்தாடா. உள்ள வந்து நின்னு கேட்டா, ஏண்டி என்னை வெளிய உடமாட்டன்றன்னு. எனுக்கு வருத்தம் இல்லன்றியே, உள்ள வந்து பாருடா நீ."

சுரேஷுக்குப் பாதித் தமிழ்தான் புரியும். அதை அவன் முழுசாகப் புரிந்துகொண்டான். பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். அடுக்கி முடித்தும் கை அவற்றின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றான்.

"ஆன்ட்டி, அது எப்பப் போகும்?"

"அக்டோபர் கடைசி, இல்லாட்டி நவம்பர்."

"சரி. பாரத்த இப்பக் குடுக்கல. நவம்பர்ல அம்மாகிட்ட ஒரே ஒரு தடவ கேட்பேன். முகத்தப் பார்த்துட்டு முடிவு பண்றேன்." கொஞ்சம் தயங்கினான். "அதுவரைக்கும் இன்னொரு ஊசி போட்டுடாதீங்க."

6

அங்கம்மா அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை கிளினிக்கில் எட்டிப் பார்த்தாள், நெற்றியைக் காட்ட. இத்தனை வருடத்தில் கோடு வரவில்லையே என்று புகார் சொல்லி வந்தவள் அவள் ஒருத்திதான். ஆகஸ்டில் ஒன்றுமில்லை. செப்டம்பர் கடைசியில் இடது புருவத்துக்கு மேல் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. டாக்டரம்மா கூடக் கைதட்டினார்.

போன வாரம் நான் சபேட்டோவில் இருந்தபோது சுரேஷ் சிட்னியிலிருந்து கூப்பிட்டான். வெளியில் மழைக்கு முந்தின புழுக்கம். அங்கம்மா போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, முகம் நன்றாகத் தெரிகிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். தெரிந்தது. மூன்றும் இரண்டும் ஐந்து, எல்லாம் பழைய இடத்தில்.

பேரப்பிள்ளைகளின் பரீட்சை, அங்கே அடிக்கும் வெயில், இங்கே கரும்பு லாரி வராத கதை என்று பேசினார்கள். பிறகு சுரேஷ் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். ஹிந்தியை விட்டுவிட்டு, உடைந்த தமிழில் கேட்டான்.

"அம்மா. என்கூட வர்றியா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. நெற்றி தானாகவே எழுந்தது. புருவம் நெரிந்தது. நடுவில் அந்த முடிச்சு விழுந்தது. நான் பக்கவாட்டில் நின்றிருந்தும் எனக்கே தெரிந்தது. சிட்னியில் அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"சரிமா. நீ அங்கேயே இரு. இனிமே கேட்கமாட்டேன்" என்றான். ஜூலையில் தீமிதிக்கு வருவதாகச் சொன்னான். அவளும் வாடா என்றாள். போன் அணைந்தது.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. எனக்கு மனசு நிறைந்து, அவள் தோளில் கை வைத்தேன். ஐந்து மாதமாக இதற்குத்தானே இரண்டு பேரும் கிடந்து தவித்தோம்.

அங்கம்மா இருட்டான போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றிக் கோடுகள் இன்னும் இறங்கவில்லை.

"இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். "ஒரே வாட்டில உட்டுட்டான் பாரேன்."